எஞ்சியிருக்கும் மின்னாற்றல்

நுழையும்முன்

சுவர்க்கடிகாரம் நின்றால் புதிய மின்கலம் வாங்கிப் பொருத்துவதும், பழையதைக் குப்பைத்தொட்டியில் எறிவதும் எல்லா வீடுகளிலும் நடப்பவை. எறியப்பட்ட கலம் உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். ஒரு கருவி ஓடவில்லை என்பதும் அதிலுள்ள மின்கலம் வெறுமையாகிவிட்டது என்பதும் வெவ்வேறு செய்திகள். இவ்வேறுபாட்டை அறிந்தவரின் கைக்காசு மிஞ்சும். அறியாத வீட்டில் காசோடு சில வேளைகளில் குழந்தையின் உயிருக்கும் ஊறு நேரும். இப்பாடம் அவ்வேறுபாட்டை விளக்குகிறது.

வீட்டிலேயே விலை மிகுந்த மின்சாரம்

கம்பி வழியே வீட்டுக்கு வரும் மின்சாரம் யூனிட் கணக்கில் அளக்கப்படுகிறது. ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. 100 வாட் விளக்கு 10 மணிநேரம் எரிந்தால் ஒரு யூனிட் செலவாகும். அதற்குச் சில ரூபாய்கள் கட்டணம். சுவர்க்கடிகாரத்தில் இடும் சிறிய, சாதாரண மின்கலத்தில் அடங்கியிருக்கும் ஆற்றலோ ஏறத்தாழ ஒரு வாட் மணிதான். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்தை இத்தகைய கலங்களிலிருந்தே பெற விரும்புபவர் 1000 கலங்கள் வாங்க வேண்டும். கலம் ஒன்றின் விலை 10 ரூபாய் என்று கொண்டால் ஒரு யூனிட்டின் விலை 10,000 ரூபாய் ஆகிறது! விலை கூடிய காரவகைக் கலம் ஏறத்தாழ மூன்று வாட் மணி தரும். ஆயினும் யூனிட் கணக்கில் பார்த்தால் அதுவும் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கே வந்து நிற்கும்.

இவ்வளவு விலை கொடுத்தும் எவரும் நொந்துகொள்வதில்லை. காரணம், சில கருவிகளின் தேவை மிகச் சிறியது. குவார்ட்சு சுவர்க்கடிகாரம் ஒன்று ஓராண்டு முழுவதும் இரவு பகலாய் ஓடுவதற்கு ஏறத்தாழ ஒரு வாட் மணி போதும். அக்கணக்கின்படி ஒரு யூனிட் மின்சாரம் அக்கடிகாரத்தை ஆயிரம் ஆண்டுகள் ஓட்டும். கடிகாரத்துக்கு ஆண்டுக்கு ஒரு கலம் வாங்குவது வீண்செலவு ஆகாது. செலவு கையை மீறுவது கைவிளக்கு, விளையாட்டு மகிழுந்து, கம்பியில்லா ஒலிவாங்கி போன்ற பெரும்பசி கொண்ட கருவிகளில்தான். சிக்கனம் பேசுவோர் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுவதால்தான் அவர்கள் கூறும் அறிவுரைகள் பல நேரங்களில் பயன் தருவதில்லை.

கலத்தின் உள்ளே

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிவியலாளர் அலெசாண்ட்ரோ வோல்டா, இருவேறு உலோகத் தகடுகளை உப்புநீரில் நனைத்த அட்டைகளுடன் மாறிமாறி அடுக்கி, தொடர்ந்து மின்னோட்டம் தரும் முதல் அமைப்பை உலகுக்கு அறிவித்தார். 1866இல் பிரான்சு நாட்டின் லெக்லாஞ்சே உருவாக்கிய கலத்தின் வழிவந்தவையே இன்று கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கலங்கள். இவற்றில் வெளிப்புறத் துத்தநாகக் குவளையே எதிர்மின்வாய். நடுவில் கரித்தண்டு நிற்கும். அதனைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த கருங்கலவை செறிந்திருக்கும். அம்மோனியம் குளோரைடு அல்லது துத்தநாகக் குளோரைடு சேர்ந்த பசை மின்பகுளியாகச் செயல்படும். மின்னோட்டம் பாயப் பாயத் துத்தநாகம் கரைகிறது. கலத்தின் உணவும் அதனைத் தாங்கும் பாத்திரமும் ஒன்றே என்பது இவ்வமைப்பின் வியப்பும் குறையும் ஆகும். பாத்திரம் கரைந்து ஓட்டை விழும்போது கலம் கசிகிறது.

வேதிவினையையும் மின்சாரத்தையும் இணைக்கும் இத்துறை மின்வேதியியல் எனப்படும். இதற்கெனத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நிறுவனம் உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953இல் திறந்துவைக்கப்பட்டது.

மின்கலத்தின் இயல்பை உணர, கோடையில் ஆற்று மணலில் தோண்டிய ஊற்றினை நினைத்துப் பார்க்கலாம். சிறு சிரட்டையால் மெல்ல மொண்டால் ஊற்று நாள் முழுவதும் நீர் தரும். பெரிய வாளியை இட்டு விரைந்து இறைத்தால் சிறிது நேரத்தில் அடிமணல் தெரியும். அதனால் நீர் வற்றிவிட்டதென்று பொருளாகாது. சுற்றியுள்ள மணலில் நீர் இருக்கிறது, கசிந்து வந்து சேரத்தான் நேரம் வேண்டும். மின்கலத்தினுள்ளும் அயனிகள் பசையினூடே நகர்ந்து வரவேண்டும். அந்நகர்வுக்கு ஏற்படும் தடையை அகமின்தடை என்பர். மிகுதியான மின்னோட்டத்தைக் கருவி கேட்கும்போது அகமின்தடையிலேயே மின்னழுத்தத்தின் ஒரு பங்கு வீணாகிறது. எஞ்சிய அழுத்தம் போதாமையால் கருவி நின்றுவிடுகிறது. மெல்லிய மின்னோட்டம் பெறும்போது 2000 மில்லி ஆம்பியர் மணிக்கு மேலும் தரவல்ல காரவகைச் சிறுகலம், ஒரு ஆம்பியர் அளவில் உறிஞ்சப்படும்போது அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. மறுபாதி எங்கும் போய்விடவில்லை, கலத்தினுள்ளேயே இருக்கிறது.

வெயிலில் காய்ந்த கட்டைகள்

வானொலிப்பெட்டியும் கைவிளக்கும் பெரிய மின்கலங்களால் இயங்கிய காலத்தில், ஒலி மங்கியதும் 'பேட்டரிக் கட்டை'களைக் கழற்றித் திண்ணையிலோ முற்றத்திலோ வெயிலில் வைக்கும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் பரவலாக இருந்தது. மாலையில் அவற்றைத் திரும்பப் பொருத்தினால் வானொலி மீண்டும் பாடும். அறியாமையின் விளைவென்று இவ்வழக்கத்தை எள்ளி நகையாடுவது சரியன்று. வெப்பத்தில் வேதிவினை விரைவுறும். பசையில் அயனிகள் எளிதில் நகரும். அகமின்தடை சற்றுக் குறையும். இவற்றைவிட முதன்மையானது கலத்துக்குக் கிடைத்த ஓய்வு. மின்வாய்களைச் சுற்றித் தேங்கியிருந்த வினைவிளைபொருள்கள் ஓய்வு நேரத்தில் விலகிப் பரவ, மின்னழுத்தம் ஓரளவு மீள்கிறது. நிழலில் வைத்திருந்தாலும் இப்பயனில் பெரும்பகுதி கிடைத்திருக்கும்.

வெயில் புதிதாக ஆற்றல் எதனையும் கலத்துக்குள் செலுத்துவதில்லை. மெலிந்துபோன துத்தநாகக் குவளையை அது மேலும் விரைந்து அரிக்கச் செய்யும், கசிவையும் விளைவிக்கும். ஆகவே அவ்வழக்கத்தில் ஓய்வை மட்டும் எடுத்துக்கொண்டு வெயிலை விட்டுவிடலாம். இரண்டு இணைக் கலங்களை வைத்திருந்து, ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று எனக் கைவிளக்கில் மாற்றிப் பயன்படுத்துவோர் மொத்தத்தில் கூடுதல் வெளிச்சம் பெறுவதற்கும் இதுவே காரணம்.

கருவிகளின் பசி

ஒவ்வொரு கருவிக்கும் இதற்குக் கீழே மின்னழுத்தம் இறங்கினால் இயங்காது என்னும் எல்லை உண்டு. புதிய கலத்தின் அழுத்தம் 1.5 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலாக இருக்கும். பெருமின்னோட்டம் கேட்கும் கருவிகள் பல, கலத்தில் கணிசமான ஆற்றல் எஞ்சியிருக்கும்போதே 'கலம் தீர்ந்தது' என்று அறிவித்துவிடும். தொலைக்காட்சியின் ரிமோட்டோ பொத்தானை அழுத்தும் நொடிகளில் மட்டும் மின்னோட்டம் கேட்பது. சுவர்க்கடிகாரத்தின் தேவை அதனினும் மென்மையானது, 1.2 வோல்ட்டுக்குக் கீழும் பல கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

இதிலிருந்து ஓர் எளிய நடைமுறை பிறக்கிறது. விளையாட்டுப் பொருளில் ஓய்ந்த கலத்தை ரிமோட்டில் இடலாம். ரிமோட்டில் ஓய்ந்ததை, அளவு பொருந்துமானால், கடிகாரத்தில் இடலாம். பெரிய குடும்பங்களில் மூத்த பிள்ளையின் சட்டை இளைய பிள்ளைக்கு இறங்குவதைப் போன்றது இது. கடிகாரத்துக்கெனப் புதுக்கலம் வாங்க வேண்டிய தேவையே பல வீடுகளில் எழாது. இவ்வாறு இறங்கிவந்த கலம் எப்போது முடிகிறது என்பதைக் கடிகாரமே காட்டிக்கொடுக்கும். நொடிமுள் முன்னேறாமல் ஓரிடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அவ்விடம் 9 என்னும் எண்ணுக்கு அருகில் அமையும். முள்ளைப் புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கித் தூக்க மிகுந்த விசை வேண்டியது அங்கேதான்.

கலத்தின் நிலையை அறிய மல்டிமீட்டர் உதவும். ஆனால் தனியே எடுத்துவைத்த கலத்தின் அழுத்தத்தை அளந்து முடிவு கட்டுவது ஏமாற்றம் தரக்கூடும். ஓய்ந்திருக்கும் களைத்த கலமும் 1.4 வோல்ட் காட்டும். கருவியில் பொருத்தி, அதனை இயக்கிக்கொண்டே அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

இரண்டு கலங்களுள் ஒன்றை மட்டும் மாற்றிச் சிக்கனம் செய்ய முனைவோரும் உண்டு. தொடரிணைப்பில் உள்ள எல்லாக் கலங்களினூடும் ஒரே மின்னோட்டமே பாய்கிறது. ஒரு நுகத்தில் இளங்காளையையும் கிழமாட்டையும் பூட்டினால் வண்டி கிழமாட்டின் நடையிலேதான் போகும். மின்கலத்தில் நிலைமை அதனினும் கேடானது. வலுவற்ற கலம் முற்றும் ஓய்ந்த பின்னும் புதுக்கலம் அதனூடே மின்னோட்டத்தைத் தள்ளுவதால், அதன் மின்முனைகள் எதிர்மாறாகித் துருத்திக்கொண்டு கசியும், கருவியும் பாழாகும். மாற்றுவதானால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே முறை. கழற்றியவற்றுள் நன்னிலையில் உள்ளது தனிக்கலக் கருவியான கடிகாரத்துக்குப் போகட்டும்.

கலத்தின் மேல் எழுதியிருப்பவை

மின்கலத்தின் உறையில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். உலகப் பொதுமொழியாகிய அதனைப் படிக்கக் கற்றவர் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டியதில்லை. 'ஆர்' என்பது உருளை அல்லது வட்ட வடிவைக் குறிக்கும். அதன் முன் வேறெழுத்து இல்லையெனில் அது சாதாரணத் துத்தநாக-கார்பன் வகை. 'எல்' முன்னின்றால் காரவகை. 'எச்' முன்னின்றால் மறுமின்னேற்றம் செய்யத்தக்க நிக்கல் உலோக ஹைட்ரைடு வகை. 'சி' முன்னின்றால் லித்தியம். 'எஸ்' முன்னின்றால் வெள்ளி ஆக்சைடு. 'ஆர் 6', 'எல்ஆர் 6', 'எச்ஆர் 6' ஆகிய மூன்றும் ஒரே அளவினவாயினும் உள்ளீட்டில் வேறுபட்டவை. 'சிஆர் 2032' என்பது 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட லித்தியம் நாணயக்கலம். சதுரவடிவ 9 வோல்ட் கலத்தில் '6எஃப் 22' என்று காணப்படும். ஆறு தட்டைக் கலங்களின் அடுக்கு அது. ஒன்றரையை ஆறால் பெருக்கினால் ஒன்பது.

இக்குறியீட்டை அறிந்தால் தெரிவு எளிதாகிறது. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் மலிவான 'ஆர்' வகை போதும். நாள்தோறும் சிறிது நேரம் எரியும் கைவிளக்குக்குக் காரவகை ஏற்றது. குறியீட்டுக்கு அருகில் அச்சிடப்பட்டுள்ள மாதத்தையும் ஆண்டையும் பார்க்கத் தவறக்கூடாது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மின்கலம் தானே சிறிது சிறிதாக ஆற்றலை இழக்கும். வெப்பம் மிகுந்த இடத்தில் இவ்விழப்பு விரைவாகும். அடுப்பங்கரை அலமாரியும் சன்னலோரமும் கலங்களை வைப்பதற்குரிய இடங்கள் அல்ல. அதற்காகக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியதுமில்லை. வெளியே எடுக்கும்போது அவற்றின்மேல் படியும் ஈரம் மின்முனைகளைத் துருவேற்றும்.

தெரிந்து தெளிவோம்

காரவகைக் கலத்தைச் சிறிது உயரத்திலிருந்து நிமிர்ந்தவாறு மேசைமேல் விட்டால், புதியது தொப்பென நிற்கும், பழையது துள்ளும். கூழ்நிலையில் இருந்த துத்தநாகம் படிப்படியாகத் துத்தநாக ஆக்சைடாக மாறி இறுகுவதே இதற்குக் காரணம். 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்துள்ளலை ஆராய்ந்து, கலம் ஏறத்தாழப் பாதி தீர்வதற்குள்ளாகவே துள்ளும் உயரம் உச்சத்தை எட்டிவிடுகிறது என்று கண்டனர். ஆகவே துள்ளும் கலம் புதியதன்று என்று கூறலாம். தீர்ந்தது என்று கூற இயலாது.

மீண்டும் மின்னேற்றுதல்

ஒருமுறை பயன்படுத்தத்தக்கவை முதன்மை மின்கலங்கள் என்றும், மின்னேற்றி மீண்டும் பயன்படுத்தத்தக்கவை துணை மின்கலங்கள் என்றும் வகைப்படுத்தப்படும். நிக்கல் உலோக ஹைட்ரைடு சிறுகலம் ஒன்றை முழுமையாக மின்னேற்ற, இழப்புகளையும் சேர்த்து, ஏறத்தாழ ஐந்து வாட் மணி செலவாகும். ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு 200 முறை மின்னேற்றலாம். மின்கட்டணம் இங்குப் பொருட்டே அன்று. கலத்துக்கும் மின்னேற்றிக்கும் கொடுக்கும் முதலீடு எத்தனை சுற்றுகளில் திரும்புகிறது என்பதே கணக்கு. துணைக்கலம் 150 ரூபாய், முதன்மைக்கலம் 15 ரூபாய் என்று கொண்டால், பத்துச் சுற்றுகளில் கலத்தின் விலை ஈடாகும். வாரந்தோறும் கலம் தின்னும் ஒலிவாங்கியில் இது மூன்று மாதங்களுக்குள் நிகழும். ஆண்டுக்கொரு கலம் கேட்கும் கடிகாரத்திலோ பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் துணைக்கலமே மூப்படைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மறுமின்னேற்றக் கலமே சிறந்தது என்னும் பரிந்துரை கேட்க நன்றாயிருப்பினும் கணக்கில் நிற்பதில்லை.

இவ்வகையின் அழுத்தம் 1.2 வோல்ட்தான். இதனைக் குறையாகக் கருதுவோர், காரவகைக் கலமும் பணியில் ஈடுபட்ட சிறிது நேரத்திலேயே 1.2 வோல்ட்டை நோக்கி இறங்கிவிடுகிறது என்பதை மறந்துவிடுகின்றனர். துணைக்கலமோ இறுதிவரை ஏறத்தாழ அதே அழுத்தத்தில் நிலைத்து நிற்கும். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே உணர்ந்து, நிறைந்ததும் தானே நிற்கும் மின்னேற்றியை வாங்குவது நலம். விலை மலிவென்று, நேரக்கணக்கில் மட்டும் இயங்கும் மின்னேற்றியை வாங்கினால், அது கலத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கி அதன் வாழ்நாளைக் குறைத்துவிடும். முதன்மைக் கலத்தை மின்னேற்றியில் இடுதல் ஒருபோதும் கூடாது. உள்ளே வளிமம் உருவாகிக் கலம் வெடிக்கவும் கசியவும் நேரும்.

கைப்பேசியிலுள்ள லித்தியம் அயனி மின்கலத்தை முற்றிலும் தீர்த்துவிட்டே மின்னேற்ற வேண்டும் என்று இன்றும் சிலர் கூறுவர். அது பழைய நிக்கல்-காட்மியம் கலங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. கலம் மாறிய பின்னும் அறிவுரை மாறவில்லை! லித்தியம் அயனிக் கலத்துக்கு முழு வறட்சியும் ஆகாது. நிறைந்த நிலையில் வெப்பத்தில் கிடப்பதும் ஆகாது. மின்தடை நேரத்துக்கெனப் பல வீடுகளில் உள்ள இன்வெர்ட்டரின் ஈய-அமில மின்கலத்துக்குக் குறித்த அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி வந்தால் போதும். குழாய்நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

கசிவும் துருவும்

ரிமோட் இயங்காதபோது குற்றம் கலத்தினுடையதாகவே இருக்கும் என்பதில்லை. கைப்பேசியின் ஒளிப்படக் கருவியை ரிமோட்டின் முனைக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி பெரும்பாலான கைப்பேசித் திரைகளில் வெண்புள்ளியாகத் தெரியும். ஒளி தெரிந்தால் கலம் வேலை செய்கிறது. பழுதைத் தொலைக்காட்சிப் பக்கம் தேட வேண்டும். ஒளி தெரியாவிடில், கலத்தை எறிவதற்கு முன், அதன் முனைகளும் கருவியின் சுருள்வில்லும் மங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, பென்சில் அழிப்பானால் தேய்த்துத் தூய்மை செய்யலாம். மெல்லிய துருப்படலமே மின்னோட்டத்தைத் தடுத்திருக்கக்கூடும்.

காரவகைக் கலம் கசிந்தால் வெண்ணிறப் பொருக்கு படியும். கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். தோலையும் கண்ணையும் அரிக்கவல்லது. கையுறையணிந்து, எலுமிச்சைச் சாற்றில் சிறிது நனைத்த பஞ்சால் ஒற்றித் துடைத்து, உலர்த்திய பின்னரே புதுக்கலம் பொருத்த வேண்டும். நெடுநாள் பயன்படுத்தப்போவதில்லை என்று தெரிந்த கருவியிலிருந்து கலங்களைக் கழற்றி வைத்துவிட்டால் இத்தொல்லை நேராது.

ஓய்ந்த பின்னும்

இறங்குவரிசையில் கடைசிக் கருவியிலும் ஓய்ந்த கலத்தைச் சமையற்கழிவோடு சேர்த்து எறியக்கூடாது. இந்தியாவில் 2001ஆம் ஆண்டு விதிகள் ஈய-அமில மின்கலங்களை மட்டுமே கட்டுப்படுத்தின. 2022இல் வெளியிடப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் சிறிய கலங்கள் உட்பட எல்லா வகைகளையும் உள்ளடக்கின. பயன்தீர்ந்த கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பு உற்பத்தியாளருக்கும், அவற்றைப் பிற குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கும் பொறுப்பு பயன்படுத்துவோருக்கும் உரியதாக அவ்விதிகள் கூறுகின்றன. குறுக்குக்கோடிட்ட சக்கரக் குப்பைத்தொட்டியின் படம் கலத்தின்மேல் பொறிக்கப்பட்டிருப்பது இதனை நினைவூட்டவே.

ஓய்ந்த கலத்தில் ஆற்றல் எஞ்சியிருக்கும் என்னும் உண்மை கடிகாரத்துக்கு நன்மையாவது போலவே, நாணயக்கலத்தின் செய்தியில் பேரிடராகவும் மாறுகிறது. எடைகாட்டும் கருவி, சிறு ரிமோட், ஒளிரும் விளையாட்டுப்பொருள் ஆகியவற்றில் வைக்கப்படும் 3 வோல்ட் லித்தியம் நாணயக்கலம், கருவியை இயக்க இயலாத நிலையிலும் மனிதத் திசுவைப் புண்ணாக்கப் போதுமான அழுத்தத்தைக் கொண்டிருக்கும். குழந்தை அதனை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரமான திசுவினூடே மின்னோட்டம் பாய்ந்து, எதிர்மின்வாய்ப் பக்கத்தில் காரம் உருவாகும். இரண்டு மணிநேரத்துக்குள் கடும்புண் ஏற்படலாம். விழுங்கியிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், உடனடியாக ஊடுகதிர்ப்பட வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கழற்றிய நாணயக்கலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் அந்தச் சில நிமிடங்களே ஆபத்தானவை. கழற்றிய கையோடு அதன் இருபுறமும் ஒட்டுநாடாவைச் சுற்றி, திருகுமூடியுள்ள புட்டியில் இட்டு, ஒப்படைக்கும் நாள்வரை குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.